ஃபர்னஸ் பழுதானால் பில்லில் எதற்கெல்லாம் பணம் போகிறது?

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பெரும்பாலும் கடுங்குளிர் நாளில்தான் நின்றுபோகிறது. இதற்குத் தெளிவான காரணம் உண்டு. மிதமான நாளில் அவ்வப்போது சில நிமிடங்கள் எரிந்து அணைகிற கருவி, உறைபனி நாளில் ஏறக்குறைய ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. தேய்ந்த மோட்டார், நூலிழை விரிசல் கண்ட இக்னைட்டர் (சுடரைப் பற்றவைக்கும் துண்டு), அழுக்கேறிய சென்சார் எல்லாம் அன்றைக்குத்தான் கைவிடும். அதே நாளில் ஊரிலுள்ள டெக்னீஷியன்கள் எல்லோருக்கும் வேலை குவிந்திருக்கும். வீட்டுக்குள் குளிர் ஏற ஏற, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடுமோ என்ற பயமும் ஏறும். நிதானமாகக் கேள்வி கேட்க முடியாத அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் ஒரு தொகைக்குத் தலையாட்டிவிடுகிறார்.

இங்கே விலைப்பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. ஃபர்னஸ் பழுதுக்கான தொகை ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. அடுத்தவர் கட்டிய தொகையை வைத்து உங்கள் பில்லை எடைபோட முடியாது. பில் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருந்தால்தான் எடைபோட முடியும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றைத்தான்: அடிக்கடி வரும் பழுதுகளில் பணத்தின் பெரும் பங்கு பாகத்துக்குப் போவதில்லை. ஒருவர் உங்கள் வீடு வரை வருவதற்கும், எது பழுது என்று கண்டுபிடிப்பதற்கும்தான் போகிறது. கண்டுபிடிக்கும் வேலை ஒழுங்காக நடந்ததா என்று கேட்கத் தெரிந்த வீட்டுக்காரர், தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கட்டமாட்டார்.

நான் பேசுவது கேஸில் எரிந்து, காற்றைச் சூடாக்கி, டக்ட் என்னும் காற்றுக்குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பும் ஃபர்னஸைப் பற்றி. எண்ணெயிலோ மின்சாரத்திலோ இயங்கும் வகைகளுக்குப் பாகங்கள் சற்று மாறும். பில்லின் கணக்கு மாறாது.

பில்லின் உள்ளே

முதல் வரி வருகைக் கட்டணம். வண்டி, எரிபொருள், காப்பீடு, உரிமம், பயணத்தில் கழிந்த நேரம் எல்லாம் இதில் அடக்கம். "பழுதுபார்க்கச் சம்மதித்தால் இதைக் கழித்துக்கொள்வோம்" என்று சில நிறுவனங்கள் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொகை பழுதுபார்க்கும் கட்டணத்துக்குள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கலாம். எனவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைத்தான் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கூலி. இதை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். ஒன்று, ஆன நேரத்துக்கு மணிக்கணக்கில் கூலி, பாகத்துக்குத் தனி விலை. மற்றொன்று, இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று முன்பே அச்சிட்டு வைத்த கட்டணப் புத்தகம். இரண்டாவது முறையில் வேலை இருபது நிமிடத்தில் முடிந்தாலும், துருப்பிடித்த திருகுகளோடு இரண்டு மணி நேரம் போராடினாலும் தொகை ஒன்றுதான். வேலை தொடங்கும் முன்பே முழுத்தொகை தெரிந்துவிடும் என்பதால், முன்பின் தெரியாத நிறுவனத்தை அழைக்கும்போது இந்த முறையே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. நம்பிக்கையான, பழகிய டெக்னீஷியன் என்றால் மணிக்கணக்குக் கூலி பல நேரம் மலிவாக முடியும்.

மூன்றாவது, பாகத்தின் விலை. இங்கேதான் மனத்தாங்கல் அதிகம். இணையத்தில் அதே இக்னைட்டரின் விலையைப் பார்த்துவிட்டு, பில்லில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பதைக் கண்டு கொதிப்பவர்கள் உண்டு. இந்த வேறுபாடு முழுவதையும் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். பல மாடல்களுக்கான பாகங்களை வண்டியில் சுமந்து வந்து, பூட்டிய கடைகளின் நேரத்தில் உங்கள் வீட்டில் பொருத்தி, சில மாதத்தில் அது செத்துப்போனால் கூலியில்லாமல் வந்து மாற்றித் தருவதாகவும் ஒருவர் பொறுப்பேற்கிறார். அந்தப் பொறுப்புக்கு ஒரு விலை உண்டு. சின்னப் பாகத்தில் இதைப் பற்றி வாதாடுவது நேர விரயம். கன்ட்ரோல் போர்டு (ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகை), ஊதுவிசிறி மோட்டார் போன்ற விலையுயர்ந்த பாகத்தில் மட்டும் தாராளமாகக் கேளுங்கள்: அதே பாகம்தான் வேண்டுமா, பொதுவாகப் பொருந்தும் மாற்றுப் பாகம் உண்டா? இக்னைட்டர், மோட்டார் சுழல உதவும் கெப்பாசிட்டர் போன்றவற்றுக்குத் தரமான மாற்று எளிதில் கிடைக்கும். போர்டும் மின்னணு மோட்டாரும் பெரும்பாலும் மாடலுக்கு மாடல் கறாராகப் பொருந்த வேண்டியவை.

பாகத்தை நாமே வாங்கி வைத்துப் பொருத்தச் சொல்லலாமா? பல நிறுவனங்கள் மறுத்துவிடும். சம்மதிப்பவர்களும் அதற்கு உத்தரவாதம் தரமாட்டார்கள். தவறான பாகம் வந்து சேர்ந்தால் இரண்டாம் வருகைக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். மிச்சமாவது குறைவு.

நான்காவது, நேரம். நள்ளிரவு, வார இறுதி, பண்டிகை நாள் என்றால் கட்டணம் ஏறும். வேறு பாதுகாப்பான சூடேற்றும் வழி இருந்து, கைக்குழந்தையோ முதியவரோ நோயாளியோ வீட்டில் இல்லாமல், குழாய் உறையும் அளவுக்குக் குளிரும் இல்லையென்றால், காலைவரை காத்திருப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான சேமிப்பு. அந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் காத்திருக்க வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் சமையல் அடுப்பையோ கேஸ் ஓவனையோ எரியவிட்டு வீட்டைச் சூடாக்க முயல்வது உயிருக்கு ஆபத்து.

எரியத் தொடங்கும் வரிசை

ஃபர்னஸ் ஒரு வரிசையில்தான் எரியத் தொடங்கும். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போகாது. எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடிந்தால், பழுதின் பாதி தெரிந்த மாதிரி. இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். அருகில் நின்று காது கொடுத்துக் கேட்டால் போதும்.

முதலில் தெர்மோஸ்டாட் சூடு வேண்டும் என்று 24 வோல்ட் கம்பி வழியே கேட்கிறது. இங்கேயே எதுவும் நடக்கவில்லை என்றால், அழைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கலாம். ஃபர்னஸின் பக்கத்துச் சுவரில் விளக்கு சுவிட்ச் போலவே ஒரு சுவிட்ச் இருக்கும். அதை விளக்கு என்று நினைத்து யாராவது அணைத்திருக்கலாம். ஃபில்டர் மாற்றிவிட்டுக் கதவுத் தகட்டைச் சரியாக மூடாவிட்டால், உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஒருவர் வந்து அந்தத் தகட்டை அழுத்தி மூடிவிட்டுப் போனாலும் வருகைக் கட்டணம் முழுசாகத்தான் வரும்.

இரண்டாவது படியில் ஒரு சிறிய விசிறி சுழலத் தொடங்கும் ஓசை கேட்கும். புகையை வெளியே இழுக்கும் இன்ட்யூசர் அது. அது சரியாக இழுக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கிறது. விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்றால், பிரஷர் சுவிட்ச் அனுமதி தரவில்லை என்று பொருள். "சுவிட்ச் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று இங்கே அவசரப்பட்டு முடிவுகட்டுவது வழக்கம். பெரும்பாலும் சுவிட்ச் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கும். அல்லது அதிகத் திறனுள்ள ஃபர்னஸ்களில் உருவாகும் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கியிருக்கும். அல்லது சுவிட்சுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசலோ நீர்த்துளியோ இருக்கும். அடைப்பை நீக்காமல் சுவிட்சை மட்டும் மாற்றினால் சில நாளில் அதே பழுது திரும்பி வரும், கூடவே இரண்டாவது பில்லும் வரும். வெளிக்குழாயின் வாயில் குவிந்த பனியை அகற்றுவது வீட்டுக்காரர் தாமாகவே செய்யக்கூடிய வேலை.

மூன்றாவது படி இக்னைட்டர். பழைய ஃபர்னஸ்களில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பைலட் சுடரும், அதைக் கண்காணிக்கும் தெர்மோகப்பிளும் இருந்தன. இப்போது பெரும்பாலானவற்றில் மின்சாரத்தால் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிச் செக்கச்சிவக்க ஒளிரும் ஒரு துண்டு இருக்கிறது. சிலிக்கான் கார்பைடால் ஆனவை எளிதில் நொறுங்கும். சிலிக்கான் நைட்ரைடு வகை கூடுதல் காலம் உழைக்கும். கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒளியே தெரியவில்லை என்றால் பழுது அநேகமாக இங்கே. மாற்றும் வேலை சில நிமிடங்கள்தான். மாற்றும்போது இரண்டில் எந்த வகை என்று கேளுங்கள். விலையில் சிறிது வேறுபாடு இருந்தாலும், மறுபடி வருகைக் கட்டணம் கட்டுவதைத் தள்ளிப்போடுகிற பாகமே மலிவானது.

நான்காவது படியில் கேஸ் வால்வு திறந்து, சுடர் பற்றும். சுடர் உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்வது ஃப்ளேம் சென்சாரின் வேலை. இந்தச் சின்னப் பாகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக எளிய பழுதும் மிக அநியாயமான பில்லும் சந்திக்கும் இடம் இது.

சென்சார் என்றதும் பெரிய கருவியை நினைக்க வேண்டாம். பீங்கான் பிடிக்குள் செருகிய ஒரு மெல்லிய உலோகக் கம்பி, அவ்வளவுதான். கம்பியின் முனை எப்போதும் சுடருக்குள் இருக்கும்படி வளைத்துப் பொருத்தியிருப்பார்கள். போர்டு இந்தக் கம்பிக்கு மாறுமின்னழுத்தம் கொடுக்கிறது. சுடர் இருக்கும்போது அதன் வழியே ஒரு திசையில் மின்சாரம் கசியும். சில மைக்ரோஆம்பியர் மட்டுமே, அதாவது ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்கு. அந்தக் கசிவு தெரிந்தால் போர்டு கேஸைத் திறந்தே வைக்கும். தெரியாவிட்டால் சில நொடிகளில் மூடிவிடும். பல மாதங்கள் நெருப்பில் நின்ற கம்பியின் மேல் காற்றிலுள்ள தூசும் சிலிக்காவும் படிந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படலம் உருவாகிறது. அந்தப் படலம் மின்சாரத்தைத் தடுக்கிறது. சுடர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே, சுடர் இல்லை என்று போர்டு முடிவு செய்துவிடுகிறது.

வெளியே நின்று பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? சுடர் பற்றுகிறது, சில நொடிகள் எரிகிறது, அணைகிறது. சற்றுப் பொறுத்து மறுபடி பற்றுகிறது, அணைகிறது. சில முறை முயன்றுவிட்டு ஃபர்னஸ் பூட்டிக்கொள்கிறது. பல மாடல்களில் ஒரு மணி நேரம் கழித்துத் தானாக மறுபடி முயலும். இந்தக் காட்சியைக் கண்டால் முதல் சந்தேகம் சென்சார் மீதுதான் விழ வேண்டும். ஒரே ஒரு திருகைக் கழற்றி, கம்பியை வெளியே எடுத்து, மெல்லிய இரும்புக் கம்பளியால் தேய்த்துத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்த்தும் பலன் இல்லையென்றால் கம்பியையே மாற்றலாம். அதுவும் ஃபர்னஸின் மலிவான பாகங்களில் ஒன்று.

இதே காட்சிக்குக் கன்ட்ரோல் போர்டையே மாற்றச் சொல்லும் டெக்னீஷியனும் உண்டு. போர்டும் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு, மறுக்கவில்லை. பர்னரின் எர்த் இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஆனால் மைக்ரோஆம்பியரை மீட்டரில் அளந்து பார்த்தாரா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அளந்தவர் எண்ணைச் சொல்வார். அளக்காமல் போர்டைக் குற்றம் சொல்பவர் ஊகத்துக்கு உங்கள் பணத்தைச் செலவழிக்கிறார்.

ஐந்தாவது படி. சுடர் நின்று எரிந்து, அதன் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூடேறிய பின், பெரிய ஊதுவிசிறி ஓடி அறைகளுக்குச் சூடான காற்றை அனுப்பும். இங்கே இரண்டு விதமான பழுதுகள். ஃபில்டர் அடைத்து, காற்று போதாமல் உள்ளே அளவுக்கு மீறிச் சூடானால் லிமிட் சுவிட்ச் சுடரை அணைத்துவிடும்; விசிறி மட்டும் குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டிருக்கும். இதற்கு லிமிட் சுவிட்சை மாற்றுவது நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து தருவதுதான். அடைத்த ஃபில்டர், மூடிய காற்றுவாய்கள், அளவுக்கு மீறிய அடர்த்தியுள்ள ஃபில்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். நுண்தூசியையும் பிடிக்கும் அடர்த்தியான ஃபில்டரை வாங்கிப் போட்டுவிட்டு ஆரோக்கியத்துக்கு நல்லது செய்ததாக நினைப்பவர்கள், காற்றோட்டத்தை நெரித்து ஃபர்னஸின் ஆயுளைக் குறைத்துக்கொள்வதுண்டு.

மற்றொன்று, விசிறியே ஓடாதது. பழைய வகை மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். மோட்டார் ஊமையாக முனகிக்கொண்டு சுழல மறுத்தால், கெப்பாசிட்டர் மட்டும் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது சில்லறைச் செலவு. அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் தொட்டுப்பார்ப்பது கூடாது. புதிய ஃபர்னஸ்களில் வரும் மின்னணு மோட்டார் மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும், சத்தமும் குறைவு. பழுதானால் மட்டும் பழைய வகையைவிடப் பல மடங்கு செலவு. சில மாடல்களில் மோட்டார் நன்றாக இருந்து, அதன் பின்புறம் திருகிய மின்னணுப் பெட்டி மட்டும் போயிருக்கும். அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்பது பெருந்தொகையைக் காப்பாற்றக்கூடிய கேள்வி.

இந்தப் படிகளையெல்லாம் போர்டே நமக்குச் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கதவுத் தகட்டின் சிறு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு எல்.இ.டி. விளக்கு இருக்கும். மூன்று முறை சிமிட்டி நின்றால் ஒரு பொருள், நான்கு முறை என்றால் வேறு பொருள். தகட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் அதன் விளக்கம் அச்சிட்டிருக்கும். ஃபர்னஸை அணைத்துப் போடும் முன் அந்தச் சிமிட்டலைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் மின்சாரம் போனால் பதிவு அழிந்துவிடும். மாடல் எண், சீரியல் எண் ஒட்டியிருக்கும் பட்டையையும் படம் எடுங்கள். தொலைபேசியில் பேசும்போதே இந்த இரண்டையும் அனுப்பினால், சரியான பாகத்தோடு வண்டி வரும். ஒரே வருகையில் வேலை முடியும்.

"ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விழுந்துவிட்டது"

ஃபர்னஸ் உள்ள வீட்டில் இதைவிட அச்சமூட்டும் வாக்கியம் இல்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது சுடரையும் நீங்கள் சுவாசிக்கும் காற்றையும் பிரித்து நிற்கும் உலோகச் சுவர். சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, ஆயிரக்கணக்கான முறை வேலை செய்த பின் அதில் விரிசல் விழலாம். காற்றோட்டம் நெரிந்த ஃபர்னஸில் இது சீக்கிரம் நடக்கும். விரிசல் வழியே எரிவாயுப் புகை, அதோடு கார்பன் மோனாக்சைடு, வீட்டுக்காற்றில் கலக்க வாய்ப்பு உண்டாகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு ஆளைக் கொல்லும். எனவே உண்மையான விரிசல் என்றால் ஃபர்னஸை அணைத்தே ஆக வேண்டும். ஒட்டவைப்பது, வெல்டிங் வைப்பது எதுவும் தீர்வாகாது.

ஆபத்து உண்மை என்பதாலேயே, விற்பனைக்கு இந்த வாக்கியத்தைக் கருவியாக்குவதும் எளிது. குளிரில் நடுங்கும் குடும்பத்திடம் "உயிருக்கு ஆபத்து, இன்றைக்கே புதியது போட வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? எனவே சான்று கேளுங்கள். சிறு கேமராவை உள்ளே விட்டு எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். வடிவமைப்பிலேயே இருக்கும் மடிப்பும் இணைப்புக் கோடும், மேலோட்டமான துருவும் விரிசல் போலத் தோன்றக்கூடும். ஊதுவிசிறி ஓடத் தொடங்கும்போது சுடர் அலைபாய்கிறதா என்பது இன்னொரு அறிகுறி. புகைக்குழாயில் கார்பன் மோனாக்சைடு அளவை மீட்டர் வைத்து அளந்தாரா என்பதும் கேட்க வேண்டியது. நேர்மையான டெக்னீஷியன் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். படமும் எண்ணும் காட்டி விளக்குவதில் அவருக்கே திருப்தி. சான்று கிடைத்தால் நம்புங்கள். கிடைக்காவிட்டாலும் ஃபர்னஸை அணைத்து வைத்துவிட்டு, புதியது விற்பதில் லாபம் இல்லாத இன்னொருவரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வருகைக் கட்டணம் இங்கே வீண்போகாது.

வீட்டிலுள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலிக்கவில்லை, எனவே பிரச்சினை இல்லை என்று தேற்றிக்கொள்ளவும் கூடாது. வட அமெரிக்கத் தரவிதிப்படி செய்த அலாரம், பத்து லட்சத்தில் 70 பங்கு வாயு இருந்தால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒலிக்கும். 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். 70 பங்குக்கும் குறைந்த அளவில் நாள்கணக்கில் சுவாசித்தால் அலாரம் மௌனமாகவே இருக்கலாம். அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. பின்புறம் திருப்பிப் பாருங்கள்.

கேஸ் நாற்றம் அடித்தால் பில்லைப் பற்றி நினைக்க நேரமில்லை. எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவியை அழைக்க வேண்டும். சுடர் வெளியே பாய்ந்தால் துண்டிக்கும் ரோல்அவுட் சுவிட்ச் விழுந்திருந்தால், அதன் பொத்தானை நீங்களே அழுத்தி மறுபடி ஓடவிடக் கூடாது.

வாரன்டி என்ற மறந்துபோன காகிதம்

பெரிய பாகம் போயிருந்தால், பணம் கட்டும் முன் வாரன்டியைத் தேடுங்கள். பல தயாரிப்பாளர்கள் பாகங்களுக்கு ஐந்து ஆண்டு தருகிறார்கள். பொருத்திய இரண்டு மூன்று மாதத்துக்குள் பதிவு செய்திருந்தால் அதுவே பத்து ஆண்டாகும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு இருபது ஆண்டு, அதற்கு மேலும் தருபவர்கள் உண்டு. பதிவு செய்தோமா என்று நினைவில்லாவிட்டால், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பழைய வீட்டை வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளரின் வாரன்டி தங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் பார்க்க வேண்டும். சிலவற்றில் மாறும், சிலவற்றில் காலம் குறையும்.

இதில் ஒரு கசப்பான உண்மை உண்டு. வாரன்டி பெரும்பாலும் பாகத்துக்கு மட்டும், கூலி உங்களுடையது. ஹீட் எக்ஸ்சேஞ்சரை மாற்ற ஃபர்னஸை ஏறக்குறைய முழுவதும் பிரிக்க வேண்டும். பாகம் இலவசமாகவே வந்தாலும் கூலி மட்டும் பெருந்தொகை ஆகிவிடும். ஆண்டுதோறும் பராமரித்ததற்கான ரசீது இல்லையென்று சொல்லி வாரன்டியை மறுப்பதும் நடக்கும். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு ஃபர்னஸ் பக்கத்திலேயே மாட்டிவைத்தால் போதும்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கேஸ் ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும். எட்டு வயது ஃபர்னஸில் மோட்டார் போனால் மாற்றிவிட்டுத் தொடரலாம். பத்தொன்பது வயது ஃபர்னஸில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் போனால் விடைகொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில்தான் குழப்பம். பழுதுச் செலவு புதியதன் மொத்த விலையில் பாதியைத் தொட்டால் மாற்றிவிடு என்று ஒரு விதி சொல்வார்கள். நடுத்தர வயது ஃபர்னஸுக்கு அது ஒரு தொடக்கம்தான். கடந்த இரண்டு மூன்று குளிர்காலங்களில் எத்தனை முறை ஆள் வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"புதியது போட்டால் கேஸ் செலவு மிச்சம்" என்பது விற்பனையாளரின் வழக்கமான வாதம். அதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். 80 விழுக்காடு திறனுள்ள பழைய ஃபர்னஸ், நூறு அலகு கேஸை எரித்தால் எண்பது அலகு சூட்டை வீட்டுக்குத் தரும். 95 விழுக்காடு திறனுள்ள புதியது அதே எண்பது அலகைத் தர ஏறக்குறைய 84 அலகு கேஸ் எடுக்கும். மிச்சம் 16 விழுக்காடு. உங்கள் ஓராண்டு கேஸ் பில்லில் வீட்டைச் சூடாக்கச் செலவான பகுதியை மட்டும் எடுத்து, அதில் 16 விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். புதிய ஃபர்னஸின் விலையை அந்தத் தொகையால் வகுத்தால், போட்ட பணம் திரும்பி வர எத்தனை ஆண்டு என்று தெரிந்துவிடும். நீண்ட கடுங்குளிர் உள்ள இடத்தில் கணக்கு நன்றாக வரும். குளிர்காலம் குறுகிய இடத்தில், நன்றாக ஓடும் ஃபர்னஸை மிச்சத்தைக் காட்டி மாற்றச் சொன்னால் கணக்கு இடிக்கும்.

மாற்றுவதன் பில்லில் ஒளிந்திருக்கும் செலவுகளும் உண்டு. அதிகத் திறனுள்ள ஃபர்னஸ் பழைய புகைபோக்கியைப் பயன்படுத்தாது; புதிய பிளாஸ்டிக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போக வேண்டும், தண்ணீர் வடிய வழி வேண்டும். அதுவரை ஃபர்னஸோடு ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருந்த கேஸ் வாட்டர் ஹீட்டர் இப்போது தனித்து விடப்படும். அதன் புகைக்கு மட்டும் அந்தப் புகைபோக்கி அளவில் பெரிது. சரியாக மேலே போகாமல் உள்ளேயே திரும்பக்கூடும். உள்ளே சிறிய குழாய் இறக்க வேண்டிவரலாம். விலைமதிப்பீடு தருபவர் இதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால், வீட்டை முழுசாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

பழைய ஃபர்னஸின் அளவையே பார்த்து அதே அளவில், அல்லது "இருக்கட்டும்" என்று ஒரு படி பெரிதாக எழுதிக்கொடுப்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். அளவு மீறிய ஃபர்னஸ் சீக்கிரம் சூடாக்கி அணைந்து, மறுபடி பற்றி, மறுபடி அணையும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் இக்னைட்டர், இன்ட்யூசர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் தேய்கின்றன. சன்னல்களையும் சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்புறையையும் கணக்கில் எடுத்து வீட்டின் வெப்ப இழப்பை அளந்த பிறகு சொல்லும் அளவுதான் சரியான அளவு.

குளிர் வரும் முன்

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபில்டரை மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். இலையுதிர்காலத்தில், டெக்னீஷியன்களுக்கு நேரம் இருக்கும்போது, ஆண்டுக்கு ஒரு சர்வீஸ். அந்த சர்வீஸில் சென்சாரைத் துடைப்பது, தண்ணீர் வடியும் குழாயைக் கழுவுவது, கேஸ் அழுத்தத்தையும் காற்றின் வெப்ப உயர்வையும் அளப்பது, எண்களைக் காகிதத்தில் எழுதித் தருவது எல்லாம் இருக்க வேண்டும். கதவைத் திறந்து தூசியைத் துடைத்துவிட்டுப் போனால் அது சர்வீஸ் ஆகாது. ஆண்டுச் சந்தா திட்டங்களில் சேரும் முன், அவசர வருகைக்குக் கட்டணம் குறையுமா, கூலியில் தள்ளுபடி உண்டா என்று படியுங்கள். இரண்டும் இல்லையென்றால் தனியாக சர்வீஸ் செய்துகொள்வதே மேல்.

நிறுவனத்தை அழைக்கும்போது வருகைக் கட்டணம் எவ்வளவு, வேலை தொடங்கும் முன் எழுத்தில் தொகை தருவார்களா, கூலிக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்று கேட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வீட்டிலேயே விட்டுச்செல்லும்படியும் சொல்லிவிடுங்கள். வாரன்டிக்காகத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் தவிர, யாரும் அதை மறுக்கக் காரணமில்லை.

கடைசியாக, திரும்பத் திரும்ப வரும் பழுது. ஒரே இக்னைட்டர் ஆண்டுக்கு ஒரு முறை போகிறது, ஒரே லிமிட் சுவிட்ச் இரண்டு குளிர்காலத்தில் இரண்டு முறை மாற்றியாயிற்று என்றால், பழுது அந்தப் பாகத்தில் இல்லை. வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் கூடுதலாக இருக்கலாம், ஃபர்னஸ் அடிக்கடி பற்றி அணையும் அளவுக்குப் பெரிதாக இருக்கலாம், டக்ட் குறுகலாக இருக்கலாம், பொருத்தும்போது இக்னைட்டரை விரலால் தொட்ட எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் அதில் விரிசல் விழச் செய்திருக்கலாம். முந்தைய ரசீதுகளை மேசைமேல் பரப்பி, "இது ஏன் இத்தனை முறை போகிறது?" என்று கேளுங்கள். பதிலாக மீட்டரை வெளியே எடுத்து அளக்கத் தொடங்குபவரிடம் வேலையைக் கொடுங்கள். மறுபடி அதே பாகத்தின் பெட்டியை வண்டியிலிருந்து எடுத்து வருபவரிடம், வருகைக் கட்டணத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம்.